லேப்டாப்புக்கு வெளி டிவிடி டிரைவ்: குறைந்த செலவில் சரியானதை வாங்குவது எப்படி?

பீரோவின் மேல்தட்டில் கல்யாண சிடி, காதுகுத்து டிவிடி, ஸ்கேன் சென்டரில் கொடுத்த டிஸ்க், எப்போதோ வாங்கிய பாட்டு சிடி எல்லாம் இருக்கும். கையில் இருக்கும் லேப்டாப்பில் அவற்றைப் போட இடம் இருக்காது. யூஎஸ்பியில் மாட்டும் வெளி டிரைவ் ஒன்றை வாங்கினால் வேலை முடிந்தது. ஆனால் தேடிப் பார்த்தால் 800 ரூபாய்க்கும் ஒன்று நிற்கிறது, 12,000 ரூபாய்க்கும் ஒன்று நிற்கிறது. பார்வைக்கு எல்லாமே ஒரே கறுப்புப் பெட்டிதான்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சிடியும் டிவிடியும் மட்டும் வைத்திருப்பவருக்கு, பெயர் தெரிந்த நிறுவனத்தின் 8 எக்ஸ் வேக (டிவிடியின் அடிப்படை வேகத்தைப் போல எட்டு மடங்கு) ஸ்லிம் டிவிடி ரைட்டர் போதும். எல்ஜி, ஏசூஸ், டெல், லெனோவோ, டிரான்சென்ட் போன்றவர்கள் விற்பது அந்த ரகம்தான். விலை தோராயமாக 1,800 முதல் 3,000 ரூபாய் வரை. அதற்கு மேல் கொடுக்கும் பணம் வேகத்தையோ படத்தின் தெளிவையோ கூட்டாது. பெயரே இல்லாத 800 ரூபாய் டிரைவும் சில வீடுகளில் நன்றாகவே ஓடும். எங்கே ஓடாது என்பதைக் கீழே பார்ப்போம்.

1. டிஸ்க்குகளைக் கீழே கொட்டிப் பிரியுங்கள்

எந்த டிரைவ் என்று தேடுவதற்கு முன் எந்த டிஸ்க் என்று பாருங்கள். இதைச் செய்யாமல் வாங்குவதுதான் முதல் பணவிரயம்.

வீடியோ சிடி: 2000-ங்களின் முற்பகுதியில் எடுத்த கல்யாண வீடியோக்கள் பெரும்பாலும் இதுதான். ஒரு சிடியில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் படம் இருக்கும் என்பதால் ஒரே கல்யாணம் மூன்று நான்கு சிடிகளாக வரும். எல்லா டிரைவும் படிக்கும். ஆனால் கீறல் விழுந்திருந்தால் அதிகம் தொல்லை தருவதும் இதுதான். சாதாரண டேட்டா சிடியில் பிழை திருத்தத்துக்கென்று கூடுதலாக ஓர் அடுக்கு உண்டு. வீடியோ சிடியில் அந்த இடத்தையும் படத்துக்கே கொடுத்துவிட்டார்கள்.

டிவிடி: ஓர் அடுக்கு என்றால் 4.7 ஜிபி, இரண்டு அடுக்கு என்றால் 8.5 ஜிபி. விண்டோஸில் 4.7 என்பது 4.37 என்றுதான் தெரியும், குறைகிறதே என்று பயப்பட வேண்டாம். அடிப்புறம் பளீர் வெள்ளியாக இருந்தால் ஆலையில் அச்சிட்டது. ஊதா சாயல் அடித்தால் ஸ்டுடியோவில் எழுதிக் கொடுத்தது. மலிவு டிரைவுகள் தடுமாறுவது ஊதா டிஸ்க்கில்தான். கடையில் சோதித்துப் பார்க்க எடுத்துப் போக வேண்டியதும் அதுதான்.

கைக்கு அடக்கமான 8 சென்டிமீட்டர் குட்டி டிவிடி: ஹேண்டிகேம் வைத்திருந்தவர்கள் வீட்டில் இருக்கும். தட்டு வெளியே வரும் டிரைவில் மட்டும்தான் இதைப் போட முடியும். பிளவுக்குள் டிஸ்க்கை இழுத்துக்கொள்ளும் வகை டிரைவில் போட்டால் உள்ளேயே சிக்கிவிடும். இன்னொன்று, அந்த டிஸ்க்கை கேமராவிலேயே ‘ஃபைனலைஸ்’ செய்திருக்க வேண்டும், அதாவது பதிவை முடித்து மூடியிருக்க வேண்டும். செய்யவில்லை என்றால் கணினி அதை வெற்று டிஸ்க் என்று சொல்லும். வெற்று டிஸ்க்தானே என்று அதில் எதையும் எழுதிவிடாதீர்கள். அந்த கேமரா இன்னும் ஓடினால் அதில் போட்டு ஃபைனலைஸ் செய்யுங்கள்.

புளூ-ரே: நீலச் சின்னம் இருக்கும். டிவிடி டிரைவ் இதைப் படிக்கவே படிக்காது, தனி டிரைவ் வேண்டும், விலை பல மடங்கு. பத்து புளூ-ரே படத்துக்காக அதை வாங்குவது வீண். அதோடு, அசல் புளூ-ரே படங்களைக் கணினியில் பார்க்கக் காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் தேவைப்படும். விஎல்சி என்ற இலவச பிளேயர் மட்டும் போதாது. 4கே புளூ-ரே என்றால் நிலைமை இன்னும் மோசம். அதை முறைப்படி ஓட்டத் தேவையான பாதுகாப்பு வசதியை இன்டெல் தன் புதிய லேப்டாப் சிப்களிலிருந்து நீக்கிவிட்டது. புது லேப்டாப் வைத்திருப்பவர்கள் அந்த ஆசையை விட்டுவிடலாம்.

பிரிண்டர், வைஃபை ரவுட்டர் இவற்றோடு வந்த டிரைவர் சிடிக்காக டிரைவ் வாங்க நினைத்தால் நில்லுங்கள். அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தில் மாடல் எண்ணைப் போட்டால் அதைவிடப் புதிய மென்பொருளே இலவசமாகக் கிடைக்கும்.

2. வாங்காமல் முடியுமா என்று பாருங்கள்

மொத்தம் ஏழெட்டு டிஸ்க் என்றால் ஒரு பென் டிரைவைக் கொடுத்து ஸ்டுடியோவிலோ கணினி கடையிலோ நகலெடுத்து வாங்கிவிடலாம். ஒரு டிஸ்க்குக்கு 100 ரூபாய் கேட்டால், 20 டிஸ்க்கைத் தாண்டும்போதுதான் டிரைவ் வாங்குவது லாபம். குடும்ப வீடியோவை வெளியாள் கையில் கொடுக்க மனம் இல்லையென்றால் அது வேறு கணக்கு.

வீட்டிலோ அலுவலகத்திலோ பழைய டெஸ்க்டாப் ஒன்று தூசி படிந்து கிடக்கிறதா? அதில் டிவிடி டிரைவ் இருந்தால் அங்கேயே போட்டு பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள். டெஸ்க்டாப்பின் கனமான டிரைவ், மெலிந்த வெளி டிரைவைவிட வேகமாகச் சுற்றும். கீறல் விழுந்த டிஸ்க்கையும் பல நேரம் அதுவே நன்றாகப் படிக்கும்.

டிவியில் நேரடியாக மாட்டிப் படம் பார்க்கலாம் என்ற எண்ணத்தில் வாங்குகிறீர்கள் என்றால் வேண்டாம். டிவியின் யூஎஸ்பி துளை பென் டிரைவையும் ஹார்ட் டிஸ்க்கையும் அடையாளம் காணும். டிவிடி டிரைவைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. கார் ஸ்டீரியோவும் அப்படியே. டிவிக்குத் தேவை டிவிடி பிளேயர்.

3. லேப்டாப்பின் போர்ட்டும் மின்சாரமும்

வாங்கிய டிரைவ் ஓடவில்லை என்று திரும்பி வரும் புகார்களில் கணிசமான பகுதி டிரைவின் கோளாறே அல்ல, கரண்ட் போதாமைதான். வெளி டிரைவுக்குத் தனி சார்ஜர் கிடையாது. சுற்றுவதற்கான மின்சாரம் முழுவதும் யூஎஸ்பி கம்பி வழியாகவே வர வேண்டும். யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லிஆம்பியர் வரை கொடுக்கும், 3.0 போர்ட் 900 வரை. டிஸ்க் சுற்றத் தொடங்கும் நொடியிலும் எழுதும்போதும் டிரைவ் 500-ஐத் தாண்டி இழுக்கக்கூடும். அந்த நேரத்தில் போர்ட் கொடுக்க முடியாவிட்டால் டிரைவ் சுற்றும், நிற்கும், மறுபடி சுற்றும். மாட்டிக் கழற்றும் ‘டிங்’ ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும். எழுதிக்கொண்டிருந்தால் பாதியில் டிஸ்க் பாழ்.

ஆகவே யூஎஸ்பி 3.0 போர்ட்டில் மாட்டுங்கள். உட்பக்கம் நீல நிறமாக இருக்கும், அல்லது பக்கத்தில் ‘எஸ்எஸ்’ என்ற இரட்டை எழுத்துச் சின்னம் இருக்கும். வேகத்துக்காக அல்ல, கரண்டுக்காக. 8 எக்ஸ் டிவிடி டிரைவ் உச்சத்தில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 11 எம்பிதான் படிக்கும். பழைய யூஎஸ்பி 2.0 நடைமுறையில் 30 எம்பி தாராளமாகக் கடத்தும். ‘யூஎஸ்பி 3.0 அதிவேக டிரைவ்’ என்று கொட்டை எழுத்தில் போட்டு 500 ரூபாய் கூட்டி விற்பதில் அர்த்தமே இல்லை. மாட்டுவண்டிக்கு எட்டு வழிச்சாலை போட்ட கதைதான். புளூ-ரேயில் மட்டும் 3.0 பயன்படும். அதில் 6 எக்ஸ் என்றால் நொடிக்கு 27 எம்பி, 2.0-இன் எல்லையை நெருங்கிவிடும்.

லேப்டாப்பில் பழைய 2.0 போர்ட் மட்டும் இருந்தால், இரண்டு தலை கொண்ட ஒய் கேபிளோடு வரும் டிரைவைத் தேடுங்கள். ஒரு தலையில் தகவலும் கரண்டும், மற்றதில் கரண்ட் மட்டும். இரண்டையும் மாட்ட வேண்டும்.

டைப்-சி மட்டும் உள்ள லேப்டாப்புக்கு இரண்டு வழி. டைப்-சி கேபிளோடு வரும் டிரைவ் வாங்கலாம். அல்லது சாதாரண டிரைவுக்கு 150 முதல் 300 ரூபாயில் ஒரு சிறிய மாற்றி வாங்கலாம். போனுக்கு வாங்கி வைத்த ஓடிஜி மாற்றியும் ஓடும். ஆனால் தனி மின் இணைப்பு இல்லாத ஹப்பில், மவுஸ், ஹார்ட் டிஸ்க், டிவிடி டிரைவ் மூன்றையும் ஒன்றாகச் செருகாதீர்கள். எல்லாம் ஒரே போர்ட்டின் கரண்டைப் பங்கு போட்டுக்கொள்ளும், முதலில் படுப்பது டிரைவ்தான். நீட்டிப்பு கேபிளும் வேண்டாம்.

இதே காரணத்தால்தான் ‘7-இன்-1’ டிரைவுகளைத் தவிர்க்கச் சொல்வது. டிரைவின் முதுகிலேயே நான்கு யூஎஸ்பி துளையும் மெமரி கார்டு துளையும் வைத்திருப்பார்கள். காலியாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. அங்கே ஒரு ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் தெரியும்.

4. பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது?

‘டிவிடி-ராம், சிடி ரைட்டர் காம்போ’: டிவிடியைப் படிக்கும், எழுதாது. படிக்க மட்டும் போதுமென்றால் பரவாயில்லை, ஆனால் ரைட்டர் விலை கொடுக்காதீர்கள். பழைய இருப்பிலும் செகண்ட் ஹேண்டிலும் இது வரும். ‘டிவிடி-ராம்’ என்பதில் ‘ராம்’ படிக்க மட்டும் என்ற பொருளிலா (ஆர்ஓஎம்), திரும்பத் திரும்ப எழுதும் டிஸ்க் வகையின் பெயரிலா (ஆர்ஏஎம்) என்று தமிழில் சொல்லும்போது குழம்பும். கடைக்காரரிடம் ‘டிவிடி எழுதுமா’ என்று ஒரே வாக்கியத்தில் கேட்டுவிடுங்கள்.

‘புளூ-ரே காம்போ’: புளூ-ரேயைப் படிக்கும், டிவிடியை எழுதும். புளூ-ரே எழுதாது. 2,500 ரூபாய்க்கு ‘4கே புளூ-ரே ரைட்டர்’ என்று போட்டிருந்தால் நம்பாதீர்கள். உள்ளே இருப்பது டிவிடி டிரைவாக இருக்கலாம், அல்லது ஏதோ லேப்டாப்பிலிருந்து கழற்றிய பழைய சரக்காக இருக்கலாம்.

‘எம்-டிஸ்க்’: நீண்ட காலம் தாங்குவதற்கென்று தயாரிக்கப்பட்ட தனி டிஸ்க்கில் எழுதும் வசதி. அந்த டிஸ்க் விலை அதிகம். நீங்கள் எழுதப் போவதில்லை என்றால் இந்தச் சொல்லுக்காக ஒரு ரூபாய்கூடக் கூட்டிக் கொடுக்க வேண்டாம்.

வேகம்: ஸ்லிம் டிரைவுகள் பெரும்பாலும் டிவிடி 8 எக்ஸ், சிடி 24 எக்ஸ். இதில் நிறுவனத்துக்கு நிறுவனம் பெரிய வித்தியாசம் இல்லை.

கேபிள்: இதை யாரும் பார்ப்பதில்லை, பார்க்க வேண்டியது இதைத்தான். டிரைவின் அடியில் பள்ளம் வைத்து, அதற்குள் மடித்து வைக்கும் குட்டைக் கேபிள் அழகாகத்தான் இருக்கும். மடியும் இடத்தில் உள்கம்பி அறுந்தால் டிரைவே போச்சு. கழற்றி மாற்றக்கூடிய கேபிள் உள்ளதையே எடுங்கள். அறுந்தால் 100, 150 ரூபாயில் முடியும். மாற்றும்போது சார்ஜ் ஏற மட்டும் பயன்படும் கேபிளை வாங்கிவிடாதீர்கள். அதில் தகவல் போகும் கம்பி இருக்காது, டிரைவின் விளக்கு எரியும், கணினியில் ஒன்றும் தெரியாது.

ஆப்பிளின் வெளி டிவிடி டிரைவான சூப்பர்டிரைவ் செகண்ட் ஹேண்டில் மலிவாக வந்தால், உங்களிடம் மேக் இருந்தால் மட்டும் யோசியுங்கள். சாதாரண விண்டோஸ் லேப்டாப்பில் மாட்டினால் டிஸ்க்கையே உள்ளே வாங்காது. குட்டி டிஸ்க்கும் ஆகாது.

5. பழைய லேப்டாப் கையில் இருந்தால்

500 ரூபாய் சுற்றுவட்டத்தில் முடியக்கூடிய வழி இது. ஓடாத பழைய லேப்டாப்பில் உள்ள டிவிடி டிரைவைக் கழற்றி, வெளிக் கூட்டில் (யூஎஸ்பி கம்பியோடு வரும் காலிப் பெட்டி) போட்டால் அதுவே வெளி டிரைவ். எஸ்எஸ்டி போடுவதற்காக டிவிடி டிரைவைக் கழற்றி, அந்த இடத்தில் ‘கேடி’ என்ற சட்டத்தை மாட்டியவர்கள் வீட்டிலும் அந்த டிரைவ் எங்காவது கிடக்கும்.

பெரும்பாலான லேப்டாப்பில் அடிப்புறம் ஒரே ஒரு திருகுதான் டிரைவைப் பிடித்திருக்கும். அதைக் கழற்றி வெளியே இழுத்தால் வந்துவிடும். கூடு வாங்கும் முன் இரண்டைப் பாருங்கள். ஒன்று தடிமன்: 12.7 மில்லிமீட்டரா, 9.5-ஆ? ஸ்கேல் வைத்து அளந்தால் போதும். 12.7 டிரைவ் 9.5 கூட்டுக்குள் நுழையாது. 9.5 டிரைவ் 12.7 கூட்டுக்குள் ஆடும். இரண்டாவது பின்பக்க இணைப்பு: தட்டையான இரண்டு நாக்கு போல இருந்தால் சாட்டா. ஒரே நீளத்தில் நெருக்கமான ஐம்பது ஊசிப் பற்கள் இருந்தால் பழைய ஐடிஇ. ஐடிஇ கூடு இப்போது தேடிப் பிடிக்க வேண்டியது, அதில் மெனக்கெட வேண்டாம். முன்பக்க பிளாஸ்டிக் மூடி லேப்டாப்பின் வளைவுக்கேற்ப இருக்கும் என்பதால் கூட்டில் சரியாகப் பொருந்தாது. கழற்றிவிட்டு கூட்டோடு வரும் மூடியைப் போடுங்கள்.

டிரைவ் நல்ல நிலையில் இருக்கிறதா என்று தெரியாமல் கூட்டில் பணம் போடுவதுதான் இதில் உள்ள ஒரே ஆபத்து. கடைக்கு டிரைவையும் எடுத்துப் போங்கள், மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.

6. எங்கே வாங்குவது, என்ன பில் கேட்பது

சென்னையில் ரிச்சி தெரு, கொழும்பில் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா போன்ற இடங்களின் பலன் ஒன்றுதான்: வாங்கும் முன் மாட்டிப் பார்க்கலாம். ரிச்சி தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். ஊரில் பெரிய கடை இல்லாதவர்கள் இணையத்தில் வாங்கலாம். ஆனால் பக்கத்தைக் கடைசிவரை படியுங்கள். ‘ரிட்டர்ன்’ வேறு, ‘ரீப்ளேஸ்மென்ட் மட்டும்’ வேறு. இரண்டாவதில் பணம் திரும்பி வராது, அதே டிரைவில் இன்னொன்றுதான் வரும். அதற்கான நாட்கள் பார்சல் கைக்கு வந்த தேதியிலிருந்து ஓட ஆரம்பிக்கும். வாங்கி அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டு அடுத்த மாதம் திறந்தால் யாரும் கேட்க மாட்டார்கள்.

இந்தியாவில் விற்கும் இறக்குமதிப் பெட்டியில் அதிகபட்ச விலை, இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எந்த நாட்டில் தயாரானது என்பதெல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். 800 ரூபாய் டிரைவில் இவை பல நேரம் இருக்காது. இல்லை என்றால் வாரண்டிக்கு நீங்கள் போய் நிற்க இடமும் இல்லை என்றுதான் அர்த்தம். அந்த விலைக்கு அதுவும் சரி என்று தெரிந்தே வாங்கினால் குறையொன்றும் இல்லை.

பில்: ஜிஎஸ்டி பில்லில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். டிரைவின் அடியில் ஒட்டியிருக்கும் சீரியலோடு அதை அங்கேயே ஒப்பிடுங்கள். ஜிஎஸ்டி 18 சதவீதம். 2,000 ரூபாய் டிரைவில் சுமார் 305 ரூபாய் வரி உள்ளடங்கியிருக்கும். அதிகபட்ச விலைக்கு மேல் ‘ஜிஎஸ்டி தனி’ என்று கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. ‘பில் வேண்டாமென்றால் 150 குறைக்கிறேன்’ என்பார்கள். பெயருள்ள டிரைவுக்கு அந்த 150-ஐ மிச்சம் பிடிக்காதீர்கள், ஓராண்டு வாரண்டி அந்தத் தாளில்தான் இருக்கிறது. சூடேற்றி அச்சிடும் தாளில் பில் கொடுத்தால் அன்றே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், சில மாதங்களில் எழுத்து மங்கிவிடும்.

இணையத்தில் வாங்கினால் பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். முகவரிச் சீட்டு, சீரியல் எண், தட்டு திறந்து மூடுவது மூன்றும் ஒரே வீடியோவில் வெட்டாமல் வர வேண்டும். தகராறு முற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

7. முதல் நாளே சோதியுங்கள்

கடையிலோ வீட்டிலோ, மூன்று டிஸ்க்கைப் போட்டுப் பாருங்கள்: அச்சிட்ட பட டிவிடி, ஸ்டுடியோ எழுதிய ஊதா டிவிடி, பழைய சிடி. டிஸ்க்கைத் தட்டில் சும்மா வைக்கக் கூடாது. நடுக்குமிழில் ‘டக்’ என்று உட்காரும்வரை, குமிழைச் சுற்றி விரலால் அழுத்த வேண்டும். டெஸ்க்டாப்பில் வைத்துப் பழகியவர்கள் இதில்தான் ஏமாறுவார்கள். சரியாக உட்காராத டிஸ்க் உள்ளே உரசிப் புதுக் கீறல் போடும்.

டிஸ்க்கின் பெயரோ உள்ளடக்கமோ திரையில் வந்ததை மட்டும் வைத்துத் திருப்தியாகிவிடாதீர்கள். ஸ்டுடியோ எழுதிய டிவிடியில் உள்ள எல்லாவற்றையும் லேப்டாப்பில் நகலெடுத்துப் பாருங்கள். மோசமான டிரைவ் உள்வட்டத்தைப் படித்துவிடும், விளிம்புக்குப் போகும்போதுதான் திணறும்.

விண்டோஸில் கருவிகளின் பட்டியலான டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டிவிடி டிரைவுகள் என்ற தலைப்பின் கீழ் வரும் பெயரையும் பாருங்கள். ‘எச்எல்-டிடி-எஸ்டி’ என்று ஆரம்பித்தால் ஹிட்டாச்சி-எல்ஜி, ‘டிஎஸ்எஸ்டி’ என்றால் தோஷிபா-சாம்சங், ‘மட்ஷிதா’ என்றால் பானசோனிக். பெயரில்லாத பெட்டிக்குள் இவற்றில் ஒன்று இருந்தால் பரவாயில்லை, உள்ளே நல்ல சரக்குதான். பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றியதாகவும் இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

8. டிஸ்க் தெரிகிறது, படம் ஓடவில்லை

விண்டோஸ் 8 வந்த காலத்திலிருந்தே டிவிடி படம் ஓட்டும் வசதி விண்டோஸோடு சேர்ந்து வருவதில்லை. இரட்டை கிளிக் செய்து ஒன்றும் நடக்காததால் டிரைவைத் திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள் உண்டு. விஎல்சி பிளேயரை இலவசமாக நிறுவுங்கள், முடிந்தது. மேக்கில் படிக்க, எழுத, பார்க்க எல்லாமே உள்ளேயே இருக்கிறது. லினக்ஸில் படிப்பதற்குத் தனியாக எதுவும் வேண்டாம், எழுதுவதற்கு கே3பி அல்லது பிரேசரோ மென்பொருள்.

மண்டலப் பூட்டு: கடையில் விற்கும் பட டிவிடிகளில் மண்டல எண் இருக்கும். இந்தியா, இலங்கை 5. சிங்கப்பூர், மலேசியா 3. பிரிட்டன், ஐரோப்பா, வளைகுடா 2. அமெரிக்கா, கனடா 1. டிரைவின் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்ற முடியும். ஐந்தாவது முறைக்குப் பின் அது அங்கேயே நின்றுவிடும், விண்டோஸை மறுபடி நிறுவினாலும் மாறாது. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த டிவிடியைப் போட்டதும் ‘மண்டலத்தை மாற்றவா’ என்று கேட்டால் யோசிக்காமல் சரி கொடுக்காதீர்கள். வீட்டு விசேஷ டிவிடிகளுக்கு இந்தப் பூட்டு கிடையாது, தமிழ்ப் பட டிவிடிகள் பலவற்றிலும் இருக்காது.

ஸ்கேன் சென்டர் டிஸ்க்: உள்ளே இருப்பது சாதாரணப் படம் அல்ல, மருத்துவப் படங்களுக்கென்றே உள்ள டைகாம் வகை. டிஸ்க்கிலேயே பார்க்கும் மென்பொருள் இருக்கும், ஆனால் அது பெரும்பாலும் விண்டோஸில் மட்டும் ஓடும். ஓடாவிட்டால் மைக்ரோடைகாம், வீசிஸ் போன்ற இலவச மென்பொருளில் திறக்கலாம். டாக்டருக்கு அனுப்பும்போது டிஸ்க்கின் மொத்த உள்ளடக்கத்தையும் ஒரே ஜிப் கோப்பாக அனுப்புங்கள். பெயர் புரியாத ஃபைல்களை வேண்டாதவை என்று விட்டுவிட்டால் அங்கே திறக்காது.

9. நகலெடுக்கும் வேலை

நல்ல நிலையில் உள்ள முழு டிவிடிக்கு 10 முதல் 15 நிமிடம், வீடியோ சிடிக்கு 5 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட டிவிடிகளைச் சில டிரைவுகள் வேண்டுமென்றே மெதுவாகப் படிக்கும், அதற்கு 20 நிமிடத்துக்கும் மேல் ஆகலாம். நூறு டிவிடி என்றால் டிஸ்க் மாற்றும் நேரத்தோடு 20 மணி நேரத்துக்குக் குறையாது. இடமும் 440 ஜிபி அளவுக்கு வேண்டும், லேப்டாப்பில் அவ்வளவு காலியிடம் இருக்காது. டிரைவ் வாங்கும்போதே 1 டிபி ஹார்ட் டிஸ்க் செலவையும் கணக்கில் சேருங்கள். தொடர்ந்து ஓட்டினால் டிரைவ் சூடாகும். நாலைந்து டிஸ்க்குக்கு ஒருமுறை கால் மணி நேரம் விடுங்கள்.

டிவிடியில் ‘வீடியோ டிஎஸ்’ என்ற ஃபோல்டரை அப்படியே நகலெடுங்கள். விஎல்சியில் அந்த ஃபோல்டரைத் திறந்தால் மெனுவோடு ஓடும். போனில் பார்க்க வேண்டுமென்றால் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் எம்பி4 ஆக மாற்றலாம், அளவு பாதிக்கும் கீழே வந்துவிடும். வீடியோ சிடியில் ‘எம்பெக்ஏவி’ ஃபோல்டருக்குள் ‘டேட்’ என்று முடியும் பெரிய ஃபைல்தான் படம். அதை நகலெடுத்தால் போதும், விஎல்சி ஓட்டும். அதன் படமே 352-க்கு 288 புள்ளிதான். வேறு வடிவத்துக்கு மாற்றினால் இருக்கிற தெளிவும் போகும்.

பாட்டு சிடியில் ஒரு பெரிய குழி இருக்கிறது. திறந்தால் ‘ட்ராக் 01’, ‘ட்ராக் 02’ என்று ஒவ்வொன்றும் 1 கேபி அளவில் தெரியும். அவற்றை இழுத்துப் போட்டால் நொடியில் நகலாகிவிடும். உள்ளே பாட்டு இருக்காது, வெறும் அடையாளக் குறிப்புதான். நகலாகிவிட்டது என்று சிடியை எறிந்தவர்களுக்குப் பாட்டும் போனது. விண்டோஸ் மீடியா பிளேயரில் ‘ரிப்’ என்ற வசதியைப் பயன்படுத்துங்கள். பாட்டு ஒவ்வொன்றும் பல எம்பி அளவில் வந்தால்தான் நகலானதாக அர்த்தம். எம்பி3 சிடிக்கு இந்தத் தொல்லை இல்லை, இழுத்துப் போட்டாலே போதும்.

பாதியில் ‘சைக்ளிக் ரிடன்டன்சி’ பிழை வந்து நின்றால், முதலில் துடையுங்கள். மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தகவல் ஓடும் திசையிலேயே அமைந்துவிடும், டிரைவுக்கு அதைச் சமாளிப்பது கடினம். பூஞ்சை படிந்திருந்தால் சோப்பு கலந்த தண்ணீரில் கழுவி முழுக்க உலரவிடுங்கள். அப்புறமும் நின்றால் விண்டோஸில் ஐசோபஸ்டர், லினக்ஸில் டிடிரெஸ்க்யூ. படிக்க முடியாத இடத்தைத் தாண்டி மீதியைக் காப்பாற்றும். மணிக்கணக்கில் ஆகலாம், இரவில் ஓடவிடுங்கள். வேறொரு டிரைவில் போட்டுப் பார்ப்பதும் நல்ல வழி. ஒன்றில் படிக்காதது மற்றொன்றில் படிக்கும்.

சிடியில் தகவல் அடுக்கு மேல்புறம், பெயர் எழுதும் பக்கத்துக்கு நேர் கீழே இருக்கிறது. அங்கே உரிந்து ஒளி ஊடுருவினால் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. டிவிடியில் அது இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகடுகளுக்கு நடுவே பத்திரமாக இருக்கும். நடுத்துளையில் விரிசல் விட்ட டிஸ்க்கை மட்டும் எந்த டிரைவிலும் போடாதீர்கள். சுற்றும் வேகத்தில் உள்ளேயே நொறுங்கினால் டிரைவும் போய்விடும். ஸ்டுடியோ ஒட்டிய காகித ஸ்டிக்கர் உரிந்து தொங்கினாலும் அதே ஆபத்து உண்டு.

எழுத வேண்டியவர்களுக்கு: பழைய டிவிடி பிளேயரில் ஓட வேண்டுமென்றால் ‘டிவிடி மைனஸ் ஆர்’ டிஸ்க் வாங்கி 4 எக்ஸ் வேகத்தில் எழுதுங்கள். விண்டோஸ் ‘பென் டிரைவ் போலவா, டிவிடி பிளேயருக்கா’ என்று கேட்கும்போது இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். முதலாவதில் எழுதியதைப் பல பிளேயர்கள் படிக்காது.

10. டிரைவ் மக்கர் செய்தால்

கணினியில் டிரைவே தெரியவில்லை: வேறு போர்ட், பிறகு வேறு கேபிள், பிறகு வேறு கணினி என்ற வரிசையில் பாருங்கள். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் இருந்தால் அதை அன்-இன்ஸ்டால் செய்து, கம்பியைக் கழற்றி, கணினியை அணைத்துத் திறந்து மறுபடி மாட்டுங்கள்.

டிரைவ் தெரிகிறது, எந்த டிஸ்க்கையும் படிக்கவில்லை: கரண்டைச் சந்தேகியுங்கள், லேப்டாப்பின் சார்ஜரை மாட்டிவிட்டுப் பாருங்கள். சிடி படிக்கிறது, டிவிடி மட்டும் படிக்கவில்லை என்றால் கதை வேறு. இரண்டுக்கும் தனித்தனி லேசர், அதில் ஒன்று போய்விட்டது. பழுது பார்க்கும் செலவில் புதிதே வாங்கலாம். வாரண்டி இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள், திறந்து பார்க்காதீர்கள், திறந்தால் வாரண்டி போய்விடும்.

தட்டு திறக்கவில்லை: முதலில் எக்ஸ்ப்ளோரரில் டிரைவின் மேல் வலது கிளிக் செய்து ‘எஜெக்ட்’ கொடுத்துப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் யூஎஸ்பி கம்பியைக் கழற்றி, டிஸ்க் சுற்றுவது நிற்கும்வரை பொறுங்கள். தட்டின் முகப்பில் குண்டூசித் தலை அளவில் ஒரு துளை இருக்கும். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி அதில் நேராக விட்டு, தடுக்கும் இடத்தில் மெதுவாக அழுத்தினால் தட்டு சற்றே வெளியே வரும். மீதியைக் கையால் இழுக்கலாம். குண்டூசியைப் பயன்படுத்தாதீர்கள், அது குட்டை, வளைந்து உள்ளே விழுந்துவிட்டால் எடுப்பது பெரும்பாடு.